சீனன்குடா – சென்னை: இணையத்தளத்திலை 1 மணி 8 நிமிசம், மெய்யாய் எவ்வளவு?

கேள்வி: நிலாவெளி வாசகர், 2025 ஜூன் 3

திருகோணமலைச் சீனன்குடா எயார்போர்ட்டிலை இருந்து சென்னைக்கு ஆகாயத் தூரம் 505 கிலோமீற்றர், பறக்கிற நேரம் 1 மணி 8 நிமிசம் எண்டு ஒரு இணையத்தளத்திலை போட்டிருக்கு. அம்மாவைக் கண் காட்டச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க எயார்போர்ட் மட்டும் வான் வண்டியிலை குலுங்கிக்கொண்டு போறதை விட இது சுகம்தானே. ரிக்கெட் எங்கை எடுக்கிறது? கிழமையிலை எத்தினை நாள் ஓடுது?

2025 ஜூன் 3, பின்னேரம்

ஓடேல்லை தம்பி. ஒரு நாளும் ஓடேல்லை. சீனன்குடா விமானப்படையின்ரை இடம், அவையின்ரை பயிற்சிக் கல்லூரியும் அங்கைதான். நேர அட்டவணை போட்டு வெளிநாட்டுக்கு ஓடுற சேவை அங்கை இல்லை.

தளம் பொய் சொல்லேல்லை, அதையும் சொல்லவேணும். 505 சரியான தூரம். நேரம் எப்பிடி வந்தது எண்டு பாரும்: 505 கிலோமீற்றரை மணிக்கு 800 வேகத்தாலை பிரிச்சால் 38 நிமிசம். ஏறி இறங்க எண்டு 30 நிமிசத்தைக் கூட்டினால் 1 மணி 8 நிமிசம். உந்த மாதிரித் தளங்கள் கனக்க இப்பிடித்தான் கணக்குப் போடுது. எந்த ரெண்டு எயார்போர்ட்டின்ரை பேரைக் குடுத்தாலும் ஒரு விடை வரும். நடுவிலை பிளேன் ஓடுதோ இல்லையோ அதுக்குக் கவலை இல்லை.

நான் ரவுணிலை ரிக்கெட் போடுற கடை வைச்சிருக்கிறன். இந்தப் பக்கத்தைப் போனிலை காட்டிக்கொண்டு ஆக்கள் அடிக்கடி வருவினம். இல்லை எண்டு சொன்னால் நான் கொமிஷனுக்காகக் கட்டுநாயக்கவுக்குத் தள்ளுறன் எண்டு நினைக்கினம்.

2025 ஜூன் 4

கிண்ணியாத் தம்பி ஒராள் கேட்டிருக்கிறார், தூரத்தை நாங்களே கணக்குப் பாக்கேலாதோ எண்டு. பாக்கலாம். சாதாரணதரக் கணிதம் காணும்.

சென்னையை விடுவம், கிட்ட இருக்கிற யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போர்ட்டை எடுப்பம். சீனன்குடா வடக்கு 8 பாகை 32 கலை, கிழக்கு 81 பாகை 11 கலை. பலாலி வடக்கு 9 பாகை 47 கலை, கிழக்கு 80 பாகை 4 கலை. 60 கலை ஒரு பாகை, ஆக வடக்குத் தெற்காய் வித்தியாசம் 75 கலை. அகலாங்கிலை ஒரு கலை ஒரு கடல்மைல், ஆனபடியால் 75 கடல்மைல். கிழக்கு மேற்காய் 67 கலை. ஆனால் நெட்டாங்குக் கோடுகள் வடக்கை போகப் போக நெருங்கிறதாலை 9 பாகையின்ரை கோசைனாலை, அதாவது 0.988 ஆலை பெருக்கவேணும். 66 வரும். இனிப் பைதகரஸ்: 75இன்ரை வர்க்கமும் 66இன்ரை வர்க்கமும் கூட்டினால் 9981. வர்க்கமூலம் 99.9.

நூறு கடல்மைல் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர், ஆக 185 கிலோமீற்றர். இலங்கைக்குள்ளை இருக்கிற தூரங்களுக்கு இந்தக் கணக்குப் போதும். லண்டன், ரொறன்ரோ எண்டு போனால் பூமி உருண்டை எண்டது குறுக்கை வரும், அதுக்குக் கோளத் திரிகோண கணிதம் வேணும்.

2025 ஜூன் 4, இரவு

"ரண்வேயிலை எந்த முனையிலை இருந்து அளக்கிறது?" நடுவிலை இருந்து. சீனன்குடா ஓடுபாதையே 2400 மீற்றர் அளவு நீளம், அதுக்காகச் சண்டை பிடிக்கவேண்டாம்.

2025 ஜூன் 7

கையோடை மற்றத் தூரங்களையும் கணக்குப் பாத்தன். ஒண்டு என்னை நிப்பாட்டிப் போட்டுது.

சீனன்குடா – பலாலி 185 கிலோமீற்றர். திருச்சி – பலாலி 184 கிலோமீற்றர்.

திரும்பவும் போட்டுப் பாத்தன், அதே விடைதான். திருச்சி எயார்போர்ட்டும் எங்கடை எயார்போர்ட்டும் பலாலிக்கு ஒரே தூரத்திலை இருக்கு. ஒண்டுக்கு நடுவிலை பாக்குநீரிணை, மற்றதுக்கு நடுவிலை வன்னி. வரைபடத்திலை சீனன்குடாவுக்கும் பலாலிக்கும் நேர்கோடு கீறினால் அது ஒட்டுசுட்டானுக்கு மேலாலையும் கிளிநொச்சிக்குக் கிட்டவாயும் போகும், இரணைமடுக் குளம் இடக்கைப் பக்கம். ஆனால் 2025 மார்ச் கடைசியிலை இருந்து திருச்சிக்காரனுக்குப் பலாலிக்கு நேரே பிளேன் இருக்கு. எங்களுக்கு வவுனியா பஸ்.

இனி நேரத்தைப் பாருங்கோ. திருச்சி – பலாலி 184 கிலோமீற்றர், ரிக்கெட்டிலை போடுற நேரம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சென்னை – பலாலி 354 கிலோமீற்றர், ஒண்டேகால் மணித்தியாலம் அளவு. சென்னை – கட்டுநாயக்க 644 கிலோமீற்றர், ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ளை. தூரம் மூண்டரை மடங்காகுது, நேரம் அரை மணித்தியாலம்தான் கூடுது.

முதல் ரெண்டும் காத்தாடி வைச்ச ஏ.டி.ஆர். பிளேன், மணிக்கு 500 சொச்சம் போகும். கட்டுநாயக்கவுக்கு வாறது ஜெற். அதாலை கொஞ்சம். மிச்சம் எல்லாம் நிலத்திலையும் ஏறி இறங்கவும் செலவாகிற நேரம். ரிக்கெட்டிலை இருக்கிறது காத்திலை நிக்கிற நேரம் இல்லை. சில்லுக்கு வைச்ச கட்டையை எடுக்கிறதிலை இருந்து, போன இடத்திலை திரும்பக் கட்டை வைக்கிற மட்டும் உள்ள நேரம். உருண்டு போறது, ஓடுபாதை வாசலிலை முறைக்கு நிக்கிறது, மெல்ல ஏறுறது, இறங்க முந்தி வட்டம் அடிக்கிறது எல்லாம் அதுக்குள்ளை. மீற்றர் ஓட்டோவிலை முதல் கிலோமீற்றருக்கு வாங்கிற காசு மாதிரி, கிட்டப் போனாலும் தூரப் போனாலும் அது கழிஞ்சே தீரும்.

அதோடை நேர்கோட்டிலை ஒரு பயணிகள் பிளேனும் பறக்கிறேல்லை. குறிச்ச வான்பாதையிலை போய், ஓடுபாதையின்ரை எந்த முனையிலை இறங்கவேணுமோ அந்த முனைக்குச் சுத்தி வரவேணும்.

2025 ஜூன் 8

உப்புவெளி ஐயா ஒருத்தர் எழுதியிருக்கிறார், தான் கொழும்பிலை இருந்து சென்னைக்கு 50 நிமிசத்திலை போனவராம், ரிக்கெட்டின்ரை அடிக்கட்டை இண்டைக்கும் இருக்காம், இப்பத்தைப் பிளேனெல்லாம் மெதுவாம்.

ஐயா, அடிக்கட்டையிலை வருசம் என்ன? 1996க்கும் 2006க்கும் இடையிலை எண்டால் விளக்கம் இருக்கு. 1996 மே மாசம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை. அந்த ஒக்ரோபரிலை அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்து, 2006 ஏப்ரல் மட்டும் அப்பிடியே வைச்சிருந்தவை. அந்தக் காலம் முழுக்க நாங்கள் இந்தியாவை விட அரை மணித்தியாலம் முன்னுக்கு. 1 மணி 20 நிமிசப் பறப்பு எண்டால் போகேக்கை ரிக்கெட்டிலை 50 நிமிசமாய்த் தெரியும், வரேக்கை 1 மணி 50 ஆய்த் தெரியும். வந்த பயணத்தின்ரை அடிக்கட்டையும் இருந்தால் எடுத்துப் பாருங்கோ.

புலிகளின்ரை கட்டுப்பாட்டுப் பகுதியளிலை அந்த மாற்றத்தை ஏற்கேல்லை. அதாலை குடாவுக்கு இந்தப் பக்கம் ரவுணிலை ஒரு நேரம், அந்தப் பக்கம் சம்பூரிலை இன்னொரு நேரம். கலியாணத்துக்குச் சொல்ல வாற ஆக்களிட்டை "பழைய நேரமோ புது நேரமோ" எண்டு கேட்டுத்தான் முகூர்த்தத்தைக் குறிச்சுக்கொள்ளுறது.

2025 ஜூன் 9

ஐயா பதில் போட்டிருக்கிறார்: 1999. வந்த அடிக்கட்டையைக் கறையான் திண்டிட்டுதாம்.

2025 ஜூன் 12

"சீனன்குடாவிலை பிளேனே இல்லை எண்டு எழுதாதேங்கோ" எண்டு ஒரு தங்கச்சி. நான் அப்பிடி எழுதேல்லை. வெளிநாட்டுக்கு இல்லை எண்டனான். உள்ளூரிலை சின்னப் பிளேன் வாறதுதான். முந்தி விமானப்படையின்ரை ஹெலிரூர்ஸ் கொழும்பு இரத்மலானைக்கு ஓடினது. சினமன் எயார் செஸ்னா கரவானை வைச்சுக் கட்டுநாயக்க பக்கம் ஓடினது. ஒற்றைக் காத்தாடி, எட்டொன்பது பேர் இருக்கலாம். பெரும்பாலும் நிலாவெளிக்கு வாற வெள்ளைக்காரருக்குத்தான். காசைப் பாத்தால் எங்கடை ஆக்கள் கோச்சிக்கு, அதுதான் ரயிலுக்கு, போயிடுவினம்.

அந்த மாதிரிச் சின்னப் பிளேன் ஒண்டிலை நானும் போயிருக்கிறன், கடை அலுவலாய். பெட்டியை மட்டும் இல்லை, ஆளையும் தராசிலை ஏத்தி நிறுக்கினம், தோள் பையோடை சேத்து. எனக்கு முன்னாலை நிண்ட மாமி நிறை குறையட்டும் எண்டு செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறினா. நிறுத்த பெடியன் சிரிக்காமல், "செருப்பும் பிளேனிலைதானே அம்மா வரப்போகுது" எண்டான். அவ திரும்ப மாட்டிக்கொண்டு ஏறினா. பிறகு நிறையைப் பாத்து ஆளாளுக்கு இடம் குடுத்தவை. எனக்குக் கடைசி வரிசை கிடைச்சுது, ஏன் எண்டு நான் கேக்கேல்லை.

சீனன்குடா – கட்டுநாயக்க 207 கிலோமீற்றர். இரத்மலானைக்கு 238. கரவான் மணிக்கு 300 அளவிலை போகும், ஆக முதலாவதுக்கு நாப்பது நிமிசம் சொச்சம். நடுவிலை சீகிரியாவிலை இறங்கி ஆக்களை ஏத்தினால் கூட. மற்றது காத்து. ஜூன், ஜூலையிலை இஞ்சை கச்சான் காத்து அடிக்கிறது எல்லாருக்கும் தெரியும். மேலை 40 கிலோமீற்றர் எதிர்க்காத்து எண்டு வையுங்கோ, கட்டுநாயக்க போக 48 நிமிசம். அதே காத்து முதுகிலை தள்ள திரும்பி வர 37 நிமிசம். பெரிய ஜெற்றுக்கு இது தெரியாது, சின்னனுக்கு நல்லாத் தெரியும். குலுக்கமும் அப்பிடித்தான்.

2025 ஜூன் 13

காத்தைப் பற்றி எழுதினதும் ஞாபகம் வந்தது. சீனன்குடா ஓடுபாதையின்ரை இலக்கம் 06, மற்ற முனை 24. கட்டுநாயக்கவும் இரத்மலானையும் 04, 22. திசைகாட்டிப் பாகையைப் பத்தாலை பிரிச்ச இலக்கம்தான் அது. ஆக எல்லாம் வடகிழக்கு – தென்மேற்காய்க் கிடக்கு. வடகிழக்கு வாடைக்கும் தென்மேற்குச் சோழகத்துக்கும் முகம் குடுத்து ஏறி இறங்கத்தான். எங்கடை ஓடுபாதை வெள்ளைக்காரன் காலத்தது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் துறைமுகத்துக்குக் குண்டு போட வந்தபோது இதுக்கும் சேத்துத்தான் போட்டவன். பக்கத்திலை இருக்கிற எண்ணெய்த் தாங்கிகளும் அந்தக் காலத்து ஆக்கள்தான்.

2025 ஜூன் 19

நிலாவெளித் தம்பி திரும்ப வந்திருக்கிறார்: "அண்ணை, சரித்திரம் காணும். அம்மாவை எந்தப் பக்கத்தாலை கொண்டு போறது?"

நியாயமான கேள்வி. என்ரை வாடிக்கையாளருக்குக் கனகாலமாய்க் கட்டுநாயக்க எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தனான். இப்ப வயசான ஆக்களுக்குப் பலாலியைச் சொல்லுறன்.

தூரத்தை வைச்சு முடிவெடுக்கேலாது. திருமலையிலை இருந்து கட்டுநாயக்கவுக்கு றோட்டாலை 240 கிலோமீற்றர் அளவு: கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். பலாலிக்கு 250 அளவு: ஹொரவப்பொத்தானை, வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆகாயத்திலை 207க்கும் 185க்கும் உள்ள வித்தியாசம் தரையிலை தலைகீழாய் வருது. கொழும்புப் பக்கத்து றோட்டு ஏறக்குறைய நேராய்க் கிடக்கு, யாழ்ப்பாணத்துக்கு வவுனியாவைச் சுத்திப் போகவேணும்.

ஆனால் நாள் எப்பிடிக் கழியுது எண்டு பாருங்கோ. நான் போட்ட ரிக்கெட்டுகளிலை பலாலி – சென்னைப் பிளேன் மத்தியானத்துக்குப் பிறகு. விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டால் வவுனியாவிலை காலைச் சாப்பாடு, பதினொரு மணிக்கு முந்திப் பலாலி. முழுக்கப் பகல் வெளிச்சம். வரிசை சின்னன், நடை குறைவு. கட்டுநாயக்கவுக்கு எண்டால் கனபேர் இரவோடை இரவாய்ப் போகினம், விடியப்புறப் பிளேனைப் பிடிக்க. கந்தளாய் தாண்டினால் ஹபரணை மட்டும் யானை றோட்டிலை நிக்கும். சாரதி கண்ணை விரிச்சுக்கொண்டு ஓடுவார், அம்மா பின்னாலை முழிச்சுக்கொண்டு இருப்பா. போய் இறங்கி மூண்டு மணித்தியாலம் காவல். பிறகு ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ளை சென்னை. பறக்கிற நேரத்திலை பலாலியாலை மிச்சம் பத்துப் பதினைஞ்சு நிமிசம்தான், அதைக் கணக்கிலையே எடுக்கவேண்டாம். வீட்டு வாசலிலை இருந்து சென்னையிலை இறங்கிற மட்டும் ரெண்டு வழியிலையும் பத்துப் பன்ரண்டு மணித்தியாலம் போகும். ஒண்டு பகல், மற்றது இரவு.

கோச்சியை ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பியள். இரவு மெயில் நல்லது, படுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அது கல்லோயா, மாஹோ எண்டு சுத்தி 295 கிலோமீற்றர் ஓடி விடியக் கொழும்புக் கோட்டையிலை விடும். காட்டுப் பகுதியிலை யானைக்காக வேகத்தைக் குறைக்கினம், அது வேணும்தான். கோட்டையிலை இருந்து திரும்பக் கட்டுநாயக்கவுக்கு வடக்கை வரவேணும். பெட்டியும் வயசான அம்மாவுமாய் அது வேண்டாத அலைச்சல்.

2025 ஜூன் 21

யாழ்ப்பாணத்து அக்கா ஒராள் கோவிச்சிருக்கிறா: "பலாலியைச் சும்மா புகழாதேங்கோ, ஏ.டி.ஆரிலை பெட்டிக்கு நிறை குறைவு, மழைக்காலத்திலை குலுக்கும், ஒரு பிளேனைத் தவறவிட்டால் அண்டைக்கு வேறை வழி இல்லை."

கடைசிக் காரணம்தான் கனமானது, அதை நான் முதல் சொல்லியிருக்கவேணும் போல. கட்டுநாயக்கவிலை சென்னைக்கு ஒண்டு போனால் இன்னொண்டு வரும். பலாலியிலை ரத்தானால் திரும்பத் திருமலைக்கு வரேலாது, யாழ்ப்பாணத்திலை தங்கவேணும். அதாலை இப்பிடிச் சொல்லுறன்: ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலை, வாடை மழைக்காலத்திலை, ஆஸ்பத்திரியிலை நாள் குறிச்ச ஆக்கள் கட்டுநாயக்கவாலை போங்கோ. இல்லாட்டி ஒரு நாள் முந்திப் போங்கோ. மற்ற மாசங்களிலை பலாலி. யாழ்ப்பாணத்திலை சொந்தக்காரர் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை. முதல்நாள் போய்ப் படுத்தெழும்பலாம்.

பெட்டி விசயம் சரி. சென்னையிலை இருந்து புடவை அள்ளிக்கொண்டு வாற ஆக்களுக்கு ஏ.டி.ஆர். சரிவராது.

2025 ஜூலை 2

நிலாவெளித் தம்பி பலாலியாலை ரிக்கெட் போட்டிட்டார். சக்கர நாற்காலி ரிக்கெட் போடேக்கையே சொல்லிப் பதியவேணும், வாசலிலை போய்க் கேட்டால் நிக்கவேண்டி வரும். கண்ணிலை ஒப்பரேசன் செய்தால் எத்தினை நாளைக்குப் பிறகு பறக்கலாம் எண்டதை அங்கை டொக்டரிட்டைக் கேட்டுத் திரும்பிற திகதியைப் போடுங்கோ. சில வகை ஒப்பரேசனிலை கண்ணுக்குள்ளை வாயு வைப்பினம். உயரத்துக்குப் போனால் அது விரியும், வாயு கரையும் மட்டும் பறக்கக்கூடாது. திரும்பிற ரிக்கெட்டைத் திகதி மாத்தக்கூடியதாய் எடுங்கோ.

2025 ஜூலை 5

"உலகத்திலையே ஆக நீளமான பறப்பு எது" எண்டு ஒரு பெடியன். இப்ப எது எண்டு தேடினால் வரும். எனக்குப் பிடிச்சதைச் சொல்லுறன், எங்கடை நாட்டிலை முடிஞ்சது. 1943இலை இருந்து 1945 மட்டும், ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடிச்சு வைச்சிருந்த நேரம், அவுஸ்திரேலியாவின்ரை பேர்த்திலை இருந்து காலிக்குக் கிட்ட இருக்கிற கொக்கலை வாவிக்கு குவான்ரஸ் விமானக் கம்பனிக்காரர் கற்றலீனாக் கடல்விமானம் ஓட்டினவை. 5500 கிலோமீற்றருக்கு மேலை, நடுவிலை இறங்க ஒரு இடமும் இல்லை. 27இலை இருந்து 33 மணித்தியாலம் காத்திலை. பயணிகள் மூண்டு பேருக்கு மேலை ஏத்தேலாது, மிச்சம் எல்லாம் எண்ணெயும் கடிதங்களும். ஒரே பறப்பிலை ரெண்டு தரம் சூரியன் உதிக்கிறதைப் பாப்பினமாம். தளத்தின்ரை 800 கிலோமீற்றர் கணக்கைப் போட்டால் ஏழரை மணித்தியாலம் வரும்.

2025 ஜூலை 9

மத்தளை எயார்போர்ட்டுக்கு எவ்வளவு எண்டும் கேட்டிருக்கு. 249 கிலோமீற்றர், ஏறக்குறைய நேர் தெற்கு, நெட்டாங்கு ரெண்டுக்கும் ஒண்டு எண்டே சொல்லலாம். அங்கை போய் என்ன செய்யப்போறியள் எண்டதைச் சொல்லேல்லை.

மட்டக்களப்புக்கு 107. கரவானிலை 21, 22 நிமிசம் பறப்பு. முந்தி வந்து நிறை பாக்க, உருள, ஏற, இறங்க, வெளியிலை வந்து ஓட்டோ பிடிக்க எண்டு ரெண்டு மணித்தியாலம் போயிடும். விடிய வெளிக்கிடுற பஸ்ஸிலை யன்னல் பக்கம் இருந்தால் மூண்டு, மூண்டரை மணித்தியாலத்திலை போயிடலாம். பஸ்ஸிலை போங்கோ.